பழைய சோறு நல்லதுதான், ஊற்றுகிற தண்ணியைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள், தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் எல்லோரும் வந்து கேட்பது கேஸ் மாத்திரையும் உடம்புவலி மாத்திரையும்தான். பாசிக்குப் போகும் என் பெரியம்மாவும் அப்படித்தான் நாளை ஓட்டினார். வலி தாங்காமல் போன பிறகு மதுரையில் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். இரைப்பையில் புண், கூடவே ஹெச். பைலோரி என்ற கிருமி.

வீட்டில் எல்லோரும் முண்டு வத்தல் மேல் பழி போட்டார்கள். காரம் எரிச்சலைக் கூட்டும், சரி. ஆனால் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான். 1984-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பை அழன்றுபோனதைக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மருத்துவர் 14 நாள் மாத்திரை எழுதினார். பாதியிலேயே பெரியம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் கசப்பு. "மாத்திரை வேண்டாம்த்தா, நீச்சத்தண்ணியும் மோருமே கேட்கும்" என்றார். இதே பேச்சைக் கடையிலும் கேட்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் விடிவதற்குள் புளிக்கவைக்கும் நல்ல பாக்டீரியா பெருகிவிடும், தயிரிலும் உண்டு. சில வகை நல்ல பாக்டீரியாவை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஹெச். பைலோரியை விரட்ட மோரால் மட்டும் முடியாது. மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி பிழைத்துக்கொள்ளும், அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். மருத்துவரிடம் பேசி, மாத்திரையோடு மோரும் கொடுத்தோம். சீட்டில் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இருந்தால் மட்டும் மோருக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாலில் உள்ள கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. நம் கரையில் குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கி டிரம்மில் ஊற்றி வைக்கிறோம். அதில் கையைவிட்டு மொண்டு, அப்படியே சோற்றில் ஊற்றுகிறோம். இந்தக் கிருமி எச்சில், வாந்தி, மலம் வழியாகப் பரவுவது. அசுத்தமான தண்ணீரிலும் வரும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். ஆகவே சோற்றில் ஊற்றுகிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். மொள்ளுவதற்குக் கைப்பிடி வைத்த செம்பு போதும். குழந்தைக்கு வாயில் மென்று ஊட்டாதீர்கள்.

கருவாட்டையும் சொல்லியாக வேண்டும். பழைய சோற்றுக்கு அதைவிட நல்ல வெஞ்சனம் எனக்கும் தெரியாது. ஆனால் இந்தக் கிருமி இருக்கும் வயிற்றுக்கு அதிக உப்பு கெடுதல், புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். பெரியம்மாவுக்கு இப்போது சின்ன வெங்காயம்தான்.

மாத்திரை முடித்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனை செய்தால்தான் கிருமி போனதா என்று தெரியும். அதற்கு முன் இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும். பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் எடுக்கப் போகிறோம்.