டிரங்குப் பெட்டிக்கு நாலு லிட்டர் பெயிண்ட்

அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி ரொம்ப நாளாகப் பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கிப் பார்த்தால் பச்சை பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, அடித்தகட்டில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்தேன். அடுத்து எனாமல் வாங்க வேண்டும். எவ்வளவு?

டேப்பைப் பிடித்தேன். நீளம் 36 இஞ்ச், அகலம் 18, உயரம் 15. கனச்செவ்வகத்தின் மொத்தப்பரப்பு எனக்கு மறக்கவில்லை. மூன்று அளவையும் இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டி, வந்ததை இரட்டிப்பாக்கினால் போதும். 648, 270, 540. கூட்டினால் 1458. இரண்டு மடங்கு 2916 சதுர இஞ்ச். இதைச் சதுர அடியாக்க 12-ஆல் வகுத்தேன். 243. இரண்டு கோட்டுக்கு 486. லிட்டருக்கு 120 சதுர அடி வரும் என்று பெயிண்ட் கடை அண்ணாச்சி எப்போதோ சொல்லியிருந்தார். ஆக, நாலு லிட்டர்.

"எத்தனை பீரோ தம்பி?" என்றார் அண்ணாச்சி.

"ஒரு பெட்டிதான் அண்ணாச்சி."

"ஒரு பெட்டிக்கு அரை லிட்டர் டப்பா போதுமே."

கணக்குப் போட்ட தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு நாலு லிட்டர் டப்பாவை எடுத்து வைத்தார். கணக்குத் தெரிந்தவன் என்ற தெம்பு பொல்லாதது.

பெட்டிக்கு இரண்டு கோட்டும் அடித்து முடித்த பிறகும் டப்பா கனம் குறையவே இல்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சாக்பீஸால் தரையில் ஓர் அடிக்கு ஓர் அடி கட்டம் போட்டாள். அதற்குள் இஞ்ச் இஞ்சாகக் கோடு கிழித்தாள். ஒரு வரிசையில் 12 கட்டம், மொத்தம் 12 வரிசை. "144-ஆல வகுக்கணும்ப்பா." 2916-ஐ 144-ஆல் வகுத்தால் 20.25 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 40.5. அண்ணாச்சி சொன்ன அரை லிட்டர்தான். 243 சதுர அடி என்றால் எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் தரையைப் போல இரண்டு. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திண்ணையிலிருந்து அம்மா, "நூத்தி நாப்பத்தி நாலா? அது ஒரு குரோசுல்லா" என்றாள்.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குக் குரோஸ் கணக்குதான். இளவயசில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவள் அம்மா. மகளுக்கு வசதியாகிவிட்டது. வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பெட்டிக்கு மொத்தப்பரப்பு கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார்களாம். அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அளந்தாள். நீளம் 5 செ.மீ., அகலம் 3.5, உயரம் 1.2. சூத்திரத்தில் போட்டு 55.4 சதுர செ.மீ. என்று எழுதினாள்.

"ஆறு பக்கம்னா எழுதியிருக்க? எண்ணிப் பாரு தாயி" என்று அம்மா பெட்டியைப் பிரித்தாள். மேல்பெட்டிக்கு நாலு பக்கம். இரண்டு முனையும் திறப்பு. அடிப்பெட்டிக்கு அடியும் நாலு சுவரும், மூடி கிடையாது. ஆக ஒன்பது.

மறுபடி போட்டோம். மேல்பெட்டி, 3.5-உம் 1.2-உம் கூட்டி, இரட்டித்து, நீளத்தால் பெருக்கினால் 47. அடிப்பெட்டிக்கு அடி 17.5, சுவர்கள் 20.4, சேர்த்து 37.9. மொத்தம் 84.9. பசை தடவ விடும் மடிப்பு இதில் சேரவில்லை. நோட்டில் எழுதியதைப் போல ஒன்றரை மடங்கு அட்டை! ஒரு குரோசுக்கு 12,000 சதுர செ.மீ.க்கு மேல், அதாவது ஒரு சதுர மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு அட்டையையும் மடித்து ஒட்டிய விரல்கள் என்று மகள் ஆச்சியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு அதில் ஒன்றும் அதிசயம் தெரியவில்லை. "பசை காஞ்சா நகத்துல பிடிச்சுக்கிடும், அதுதான் எரிச்சல்" என்றாள்.

நோட்டில் மகள் இரண்டு விடையையும் எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் 55.4-க்குத்தான் சரி போட்டிருக்கிறார். மூடிய கனச்செவ்வகம் என்று பார்த்தால் அதுவும் சரிதான்.

பின்வாசல் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் இப்போது பச்சை. டப்பாவில் இன்னும் ஒன்றரை லிட்டர் மிச்சம். ஆடை கட்டுவதற்குள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.