ஓரமாய் நட, பிள்ளை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து ஒரு கிரவல் ஒழுங்கை பிரிகிற இடத்துக்குக் கிட்ட எங்கள் முன்பள்ளி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்னரே படலையடியில் போய் நின்றுவிடுவேன். பிள்ளைகள் எப்படி வந்து சேருகிறார்கள் என்று பார்ப்பதும் என் வேலைதான். சிலர் அம்மாவின் சைக்கிள் கரியரில் வருவார்கள், சிலர் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு இருந்து வருவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வானில். மிச்சப் பேர் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள்.

அப்படி நடந்து வருகிறவர்களில் பலர் தாரின் மேலேதான் வருவார்கள். பக்கத்தில் நல்ல மண் ஓரம் இருக்கும், அதில் இறங்கமாட்டார்கள். பின்னால் டிப்பர் ஹோன் அடித்தால் கொஞ்சம் ஒதுங்கிவிட்டுத் திரும்பவும் தாருக்கே வருவார்கள். கவனமில்லாத சனம் என்று பல நாள் மனதுக்குள் கோபப்பட்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு அம்மம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

"அம்மா, பிள்ளையை ஓரமாய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

அவ கோபிக்கவில்லை. "ஓரத்தில கால் வைக்காதேங்கோ எண்டு சொல்லித் தந்ததே நீங்கள்தானே, ரீச்சர்" என்றா.

எனக்குச் சுருக்கென்றது. அவ சொன்னது முழுக்க உண்மை. 2009இல் போர் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில், முன்பள்ளியில் நாங்கள் முதலில் படிப்பித்தது அகரத்தை அல்ல, மிதிவெடியைத்தான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நில். தெரியாத பொருளைத் தொடாதே. வந்த வழியாலே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்லு. சனம் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்காதே. தாய்மாருக்கும் அதே பாடம்தான். பற்றைக்குள் உருண்ட பந்தை எடுக்கப் போகாத பிள்ளைக்குக் கைதட்டினோம். அப்போது வீதியில் வாகனமும் குறைவு. குண்டும் குழியுமான பாதையில் உழவு இயந்திரம் வந்தால் அரைக் கட்டைக்கு அங்கேயே சத்தம் கேட்கும். நடு வீதிதான் பத்திரமான இடம்.

பிறகு வீதி காப்பெற் ஆனது. மணலும் கிரவலும் ஏற்றிய டிப்பர்கள் வந்தன, சொகுசு பஸ்கள் வந்தன, லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள்கள் வீட்டுக்கு ஒன்றாய் வந்தன. ஆபத்து ஓரத்திலிருந்து நடுவுக்கு இடம் மாறியது. அந்த மாற்றத்தை ஒருவரும் இந்த அம்மம்மாமாருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீதிப் பாதுகாப்புப் பாடம் நான் நடத்தாமல் இருந்தேன் என்றில்லை. சுவரில் படம் இருந்தது, பாட்டு இருந்தது. "வலம் பார், இடம் பார், மீண்டும் வலம் பார்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லுவார்கள். இங்கே வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால், கடக்க நிற்பவருக்கு மிகக் கிட்டவாக வரும் வாகனம் வலப்பக்கத்தாலேதான் வரும். அதுதான் முதலில் வலம். இதை நான் விளங்கப்படுத்த, பிள்ளைகள் தலையை வெட்டி வெட்டித் திருப்புவார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது. ஒரு நாள் நாலு வயதுப் பிள்ளை ஒன்று தலையைத் திருப்பி முடித்துவிட்டு, "ரீச்சர், எதைப் பாக்கிறது?" என்று கேட்டது.

அத்தனை நாளும் நான் தேகாப்பியாசம்தான் படிப்பித்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அதன் பிறகு பாட்டை நிறுத்திவிட்டேன். படலைக்கு வெளியே ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தலையைத் திருப்பினால் என்ன கண்டாய் என்று சொல்ல வேண்டும். "மாடு." "ஐஸ்கிறீம் வான்." "ஒண்டும் இல்லை, ரீச்சர்." கண்டது வருகிறதா, போகிறதா, நிற்கிறதா? இந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் அதிகம் தடுமாறினார்கள். தூரத்தில் வருகிற பஸ் சின்னனாகத் தெரிகிறது, அதனால் மெதுவாக வருகிறது என்று நினைக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடந்துவிடும். எங்கள் முற்றத்தின் நீளம் அவ்வளவுதான் இருக்கும். "ஒண்டு" என்று சொல்லி முடிக்க முற்றம் முடிந்துவிடும் என்று சொல்லி ஓடிக் காட்டினேன். அந்த வேகத்துக்கு என்னால் எங்கே ஓட முடியும்!

வலம் இடம் தெரியாத வயது என்பது இன்னொரு சிக்கல். சோறு சாப்பிடுகிற கைப்பக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் இடக்கையால் சாப்பிடுகிற பிள்ளை ஒன்று இருந்தது, அது எதிர்ப்பக்கம் திரும்பியது. கோயில் நூல் கட்டிய கைப்பக்கம் என்றேன். ஆண் பிள்ளைகளுக்கு வலக்கையிலும் பெண் பிள்ளைகளுக்கு இடக்கையிலும் அல்லவா நூல் கட்டுவது? பாதி வகுப்பு ஒரு பக்கம், பாதி வகுப்பு மறுபக்கம். கடைசியில் எல்லோருடைய வலக்கையிலும் பச்சைக் கம்பளி நூல் கட்டினோம். பெண் பிள்ளைக்கு வலக்கையில் கட்டக்கூடாது என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள். இது சாமி நூல் இல்லை, றோட்டு நூல் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் அதை றோட்டு நூல் என்றுதான் சொன்னார்கள்.

வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் செருப்பு வானுக்கு அடியில் விழுந்துவிட்டது. அவன் குனிந்து பின் சில்லுக்குப் பக்கத்தில் நுழைந்ததை நான் காணவில்லை. சாரதி எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து ஸ்டார்ட் எடுத்தார். கூட்டிப்போக வந்திருந்த ஒரு தாய்தான் வானின் பக்கத்தில் இரண்டு கையாலும் அடித்துக் கத்தினா. வான் அசையவில்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்போடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சாரதி நல்ல மனிதர், பதினைந்து வருடம் வண்டி ஓடுகிறவர். பிழை அவரில் இல்லை. ஏற்றும்போது எண்ணிப் பார்க்காதது என் பிழை.

அடுத்த கிழமை அவரிடம் கேட்டு வானை முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம். ஏழு பிள்ளைகளை வானுக்குப் பின்னால் நெருக்கமாக இருத்திவிட்டு, தாய்மாரை ஒவ்வொருவராகச் சாரதி ஆசனத்தில் ஏறிக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். ஏழு பேரில் ஒருவரையும் தெரியவில்லை. முதல் தாய் இறங்கி வந்து, பின்பக்கம் போய்த் தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டா. ஒன்றும் பேசவில்லை. நான் அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு இது விளங்குவது கஷ்டம். தான் வானைக் கண்டால் வானும் தன்னைக் கண்டுவிட்டது என்றுதான் அந்த வயதில் நினைப்பார்கள். காட்போட் பெட்டியால் பஸ் செய்து, ஒரு பிள்ளையைச் சாரதியாக இருத்தி, மற்றவர்களைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிக்கவிட்டு, "சாரதி, ஆரைத் தெரியுது?" என்று ஒவ்வொரு நாளும் விளையாடினோம். கண்ணைக் கண் பார்த்தால்தான் கண்டது என்று அர்த்தம், இது எங்கள் விளையாட்டின் விதி.

பயிற்சி ஒன்றில் அமெரிக்கப் பாடசாலை பஸ் பற்றிய காணொளி காட்டினார்கள். மஞ்சள் பஸ் நின்றதும் சிவப்பு விளக்கு மினுங்குகிறது, பக்கத்திலிருந்து 'நில்' என்ற பலகை விரிகிறது, இரண்டு பக்கத்து வாகனங்களும் நிற்கின்றன. பிள்ளைகள் பஸ்ஸுக்கு முன்னால் 10 அடி தள்ளி, சாரதி கை காட்டிய பிறகு, கடந்து போகிறார்கள். பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் காட்சியை அப்படியே படமாக்கிச் சுவரில் ஒட்டுவோம் என்று ஒருவர் சொன்னபோது நான் மறுத்தேன். அங்கே சட்டம் மற்ற வாகனங்களை நிறுத்திவைக்கிறது, அதனால் முன்னால் கடக்கலாம். எங்கள் வீதியில் நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டுதான் அடுத்த வாகனம் வரும். இங்கே பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு. இறங்கினால் ஓரத்தில் நில், பஸ் முழுதாகப் போகட்டும், இரண்டு பக்கமும் தெரிந்த பிறகு பெரிய ஆளின் கையைப் பிடித்துக் கட. வான் சாரதிகளிடம் இன்னொன்று கேட்டேன்: பிள்ளையின் வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திருப்பி இறக்குங்கோ என்று. டீசல் விற்கிற விலையில் அது லேசான கேள்வி இல்லை. ஆனாலும் இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள்.

சின்னப் பிள்ளைகளை எவ்வளவு பழக்கினாலும் போக்குவரத்துக்கு முழுதாகப் பொருத்திவிட முடியாது என்று சுவீடன் உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960களிலேயே சொன்னார். இதை வாசித்தபோது முதலில் சோர்ந்துபோனேன். பிறகு அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. நாலு வயதுப் பிள்ளையின் தலையில் முழுப் பொறுப்பையும் ஏற்றுகிற பாடம் அநியாயமான பாடம். என் மாணவர்கள் பிள்ளைகள் மட்டும் இல்லை என்று அதற்குப் பிறகுதான் தெளிவானேன்.

ஆகவே பெற்றார் கூட்டத்தில் அம்மம்மாமாரையும் அம்மப்பாமாரையும் தனியாக இருத்திக் கதைத்தேன். நடைபாதை இல்லாத வீதியில் வலப்பக்க ஓரமாய், வாகனத்துக்கு முகம் கொடுத்து நடக்க வேண்டும். பிள்ளை வீதிப் பக்கம் வராமல் ஓரப் பக்கம் இருக்க வேண்டும். மாரியில் குடையால் முகத்தை மூடக்கூடாது. அப்புறம், அந்த ஓரத்தில் இறங்கலாம் என்றும் சொன்னேன். முன்பு இறங்க வேண்டாம் என்று சொன்னவள் நான், இப்போது இறங்கச் சொல்லுகிறவளும் நானே என்று சொன்னபோது சபை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒரு ஐயா, "பற்றைக்குள்ளயும் போகலாமோ?" என்று கேட்டார். இல்லை, பற்றைக்கு இப்போதும் பழைய பாடம்தான், மண் தெரிகிற ஓரம் மட்டும் என்றேன்.

போன மாசிமாதம். அறுவடை முடிந்து வீதியின் ஒரு கரை நீளத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். அந்த நாட்களில் நடக்க இருக்கிற இடம் இன்னும் சுருங்கிவிடும். அன்றைக்கு என்னை மடக்கிய அதே அம்மம்மா பேத்தியோடு வந்துகொண்டிருந்தா. நெல்லைத் தாண்டி, வழக்கம்போலத் தாரின் நடுப்பக்கம் போனா. தூரத்தில் டிப்பர் ஒன்று வந்தது. பேத்தி நின்றுவிட்டாள். றோட்டு நூல் கட்டிய கையால் அம்மம்மாவின் சீலையைப் பிடித்து மறு கரைப் பக்கம் இழுத்தாள். "கண்டிட்டன், அம்மம்மா. வருது" என்றாள்.

அம்மம்மா தாரின் விளிம்பில் நின்று, டிப்பரைப் பார்க்க முன் கீழே மண்ணைப் பார்த்தா. ஒரு கணம்தான். பிறகு காலை எடுத்து ஓரத்தில் வைத்தா.