80 நாள் கணக்கை நம்பி மூன்று தர்பூசணியை வீணாக்கினேன்

விதைப் பொட்டலத்தில் 80 நாள் என்று போட்டிருக்கிறதே என்று அன்றைக்குக் கத்தியை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த காயை வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வெட்டி, உள்ளே வெள்ளையாகப் பார்த்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். கோடை வந்தால் சாலையோரம் முழுக்கத் தர்பூசணிக் குவியல்தான். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் நாமே போடலாமே என்று மாட்டுப்பொங்கல் முடிந்த கையோடு ஜனவரி 18-ஆம் தேதி சுகர் பேபி என்ற ரகத்து விதை ஊன்றினேன். முளைத்தது, படர்ந்தது, அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. நான்கு கொடி நின்றன.

காய் பிடிப்பதில்தான் முதல் தாமதம். ஆரம்பத்தில் வருவதெல்லாம் ஆண் பூ. பிறகு அடியில் கோலிக்குண்டு போல் பிஞ்சோடு பெண் பூக்கள் வந்தன, அவையும் மஞ்சளாகி உதிர்ந்தன. எங்கள் தெருவில் தேனீ நடமாட்டம் குறைவு. கடைசியில் காலை ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் நானே தடவினேன். அந்தப் பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும், மதியம் போனால் மூடிவிடும். முதலில் தடவியது மார்ச் 12. அந்தத் தேதி நினைவில் இருப்பதற்குக் காரணம், எல்லாக் காம்புக்கும் பக்கத்தில் ஒரு சீட்டில் தேதி எழுதிக் கட்டியிருந்தேன். கட்டினேனே தவிர அதை வைத்துக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. என் மனசில் ஓடியதெல்லாம் விதைத்த நாளிலிருந்து 80.

ஏப்ரல் 8-ஆம் தேதி 80 முடிந்தது. அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. தட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு சத்தம் வந்தது, சரி என்று இரண்டு காயை அறுத்தேன். முதல் காயைக் கூடத்தில் வைத்து வெட்டினால் ஓரமெல்லாம் வெள்ளை, நடுவில் மட்டும் லேசான ரோஜா நிறம், விதை பழுப்புக்கூட ஏறாமல் வெள்ளையாகவே இருந்தது. அண்ணன் பிள்ளைகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்தார்கள். அத்தைதான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார்கள். கூட்டு நன்றாகவே இருந்தது, சுரைக்காய் மாதிரி. ஆனால் நான் சுரைக்காய் போடவில்லையே.

இரண்டாவது காயை வெட்டாமல் அரிசி டிரம்மில் புதைத்து வைத்தேன். மாங்காய் பழுக்கிறதே, இதுவும் பழுக்கும் என்ற நினைப்பு. ஐந்து நாள் கழித்து வெட்டினால் அதே வெள்ளை. தர்பூசணி கொடியில் இருக்கும்வரைதான் இனிப்பு ஏற்றும். காம்பு அறுந்தால் அன்றோடு சரி. வைக்கோலில் வைத்தாலும் அரிசியில் வைத்தாலும் ஒரு பயனும் இல்லை. இது முன்பே தெரிந்திருந்தால் இரண்டையும் ஒரே நாளில் அறுத்திருக்க மாட்டேன்.

இடையில் ஒரு வீண் அலைச்சல். வெட்டிய பாதியைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பஸ் ஏறி, விதை வாங்கிய கடைக்கே போனேன். கல்லாவில் இருந்தவர் காயை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சத்து பத்தலம்மா, இத ஸ்ப்ரே பண்ணுங்க" என்று ஒரு டானிக் பாட்டிலை நீட்டினார், 180 ரூபாய். பூ எப்போது விட்டது, எத்தனை நாள் ஆச்சு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாட்டில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

மூன்றாவது காய் போனதுதான் எனக்கு அதிக வேதனை. காம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பற்றுக்கம்பி காய்ந்தால் பழம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பற்றுக்கம்பி என்றால் கொடி எதையாவது பிடித்துக்கொள்ள விடுமே, ஸ்பிரிங் மாதிரி சுருண்ட இழை, அது. ஓடிப் போய்ப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. சித்திரை ஒன்றாம் தேதி படையலுக்கு என்று அறுத்தேன். இந்தத் தடவை உள்ளே ரோஜா நிறம், வாயில் வைத்தால் வெறும் தண்ணீர். சாமிக்கு முன்னால் அதை வைக்க மனம் வராமல் வாழைப்பழத்தை வைத்துக் கும்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மரக்காணம் சாலையில் குவியல் போட்டு விற்கும் ஒரு பெரியவரிடம் போய் நின்றேன். வருடா வருடம் சொந்தமாகப் பயிர் வைக்கிறவர். தட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள் ஐயா என்றேன்.

"தட்டறதெல்லாம் எங்களுக்கும்மா. ஒரு நாளைக்கு நூறு காய் தட்டறவனுக்குத்தான் அந்த வித்தியாசம் கேக்கும். நீ வச்சிருக்கறது நாலு காய். கண்ணால பாரு."

சாயங்காலம் வியாபாரம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் தோட்டத்துக்கே வந்து பார்த்தார். நான் ஏமாந்த இடத்தைக் குனிந்து காட்டினார். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பற்றுக்கம்பி இருக்கிறது. காய்க்காம்பு எந்தக் கணுவிலிருந்து கிளம்புகிறதோ, அதே கணுவில் இருக்கும் கம்பிதான் கணக்கு. நான் பார்த்தது ஒரு கணு தள்ளி இருந்தது, அதுவும் என் கால் பட்டு நசுங்கிக் காய்ந்தது. சரியான கம்பி அடிவரை பழுப்பாகி, தொட்டால் ஒடிகிற மாதிரி இருக்க வேண்டும். நுனி மட்டும் வாடியிருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கணும்.

அடுத்து, காயின் அடிவயிறு. தரையில் படிந்திருக்கும் இடம் காயாக இருக்கும்போது வெள்ளையாகவோ இளம் பச்சையாகவோ இருக்கும். பழுத்தால் வெண்ணெய் நிறம் ஏறி மஞ்சளாகும். பார்ப்பதற்காகக் காயை முழுசாகப் புரட்டாதீர்கள், காம்பு முறுக்கிக்கொள்ளும். லேசாகத் தூக்கிக் குனிந்து பார்த்தால் போதும். மேல்தோல் பளபளப்பு போய் மங்கலாகும், நகத்தால் கீறினால் சுலபமாக இறங்காது. சுகர் பேபிக்குத் தோலே கருப்பச்சை என்பதால் வரியை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது, இந்த மங்கலும் அடிவயிறும்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாதே, கொடிக்கு நோய் வந்தாலும் கம்பி காயும் என்றார். அப்புறம் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "தேதிய கட்டி வச்சிட்டு ஏம்மா விதைச்ச நாள எண்ணின?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. சீட்டுப்படி பார்த்தால் நான் வெட்டிய முதல் காய்க்கு வயது 27 நாள். இந்த ரகத்துக்குப் பூ தடவியதிலிருந்து 35 நாளாவது விட வேண்டுமாம்.

மார்ச் 16 தேதி போட்ட காயை விட்டுவைத்தேன். அவர் சொன்னபடி கடைசி சில நாள் தண்ணீரை நிறுத்தினேன். தினமும் காலையில் போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். ஏப்ரல் 21, 36-ஆம் நாள், கம்பி ஒடிந்தது, அடிவயிறு நல்ல மஞ்சள். பிய்க்காமல் இரண்டு அங்குலம் காம்பு விட்டுக் கத்தியால் அறுத்தேன். மூன்று கிலோ. அடுப்படியில் கத்தியின் நுனி பட்டதுமே பழம் தானாக விரிசல் விட்டு ஓடியது. உள்ளே ரத்தச் சிவப்பு, விதை கன்னங்கரேல். முதல் துண்டை அத்தைக்குக் கொடுத்தேன். "இதுல கூட்டு வைக்க முடியாதும்மா" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாதம் குனிந்து நிமிர்ந்தேன் என்று தோன்றியது.

அதற்குப் பிறகும் இரண்டு தவறினது. ஒன்று, தண்ணீர் நிறுத்தி வைத்திருந்தபோது கோடை மழை கொட்டி, காலையில் பார்த்தால் நெடுக வெடித்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. பழுத்துவிட்ட காய் இருந்தால் மழை மேகம் கட்டும்போதே அறுத்துவிடுங்கள். இன்னொன்றை, இன்னும் இனிக்கட்டும் என்று கம்பி காய்ந்த பிறகும் பத்து நாள் விட்டேன். சதை மாவு மாதிரி உதிர்ந்துவிட்டது.

கொடியில் இன்னும் ஒன்று இருக்கிறது. சீட்டில் ஏப்ரல் 2. அடியில் வைக்கோல் பரப்பி வைத்திருக்கிறேன், இன்று காலை பார்த்தபோது கம்பி பாதிதான் பழுப்பு. அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி.