காபரேட்டரும் கால் போத்தலும்

திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பதினெட்டு வருடமாகப் போட் எஞ்சின் திருத்துகிறேன். அதில் பதினொரு வருடம் குடித்துக்கொண்டே திருத்தினேன்.

எஞ்சினுக்கு எரிபொருளையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். ஊசி முனை அளவு ஓட்டை. காலையில் அதைக் கழற்றப் போனால் கை ஆடும். ஒரு மிடறு சாராயம் உள்ளே போனதும் ஆட்டம் நின்றுவிடும். அதனால் சாராயம்தான் என் கைக்கு மருந்து என்று நம்பியிருந்தேன். போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவேன். பௌர்ணமி விரதம் பிடிக்கும் அம்மாவைவிட எனக்குத்தான் பௌர்ணமி சரியாக ஞாபகம் இருந்தது!

ஒரு கச்சான் காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருடைய எஞ்சினுக்கு, அதைக் குளிர வைக்கிற தண்ணீர் பம்பின் சுழலி, இம்பெல்லர், மாற்றினேன். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டுகிற சின்ன உலோகத் துண்டைப் போட மறந்துவிட்டேன். டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்திருந்தால் பின்னால் தண்ணீர் பீச்சவில்லை என்று உடனே தெரிந்திருக்கும். தலை இடித்துக்கொண்டிருந்தது, ஓட்டிப் பார்க்கவில்லை. கோணேசர் மலை தாண்டியதும் எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது. வேறொரு போட் கட்டி இழுத்து வரும்வரை இரண்டு பேரும் அலையில் கிடந்தார்கள். அந்தத் துண்டு என் மேசையில், எண்ணெய்த் துணிக்கு அடியில் இருந்தது. மூத்தவர் ஏசவில்லை. “உனக்கு உடம்பு சரியில்லையா தம்பி?” என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் அன்று இரவும் குடித்திருப்பேன்.

மறுநாள் டொக்டரிடம் போனேன். நானாகவே ஒரேயடியாக நிறுத்தாமல் அவரிடம் போனது நல்லதாயிற்று. நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று விட்டால் இரண்டொரு நாளுக்குள் வலிப்புக்கூட வரலாம் என்றார். ஒரு கிழமை குளிசை, பி1 விற்றமின் ஊசி. நடுக்கத்தின் கதையையும் அவர்தான் சொன்னார். சாராயம் மூளையை அமத்தும். அதை ஈடுகட்ட மூளை எந்த நேரமும் முறுக்கேறி நிற்கும். சாராயம் இறங்கியதும் மிஞ்சுவது அந்த முறுக்குத்தான். ஆக, கையை ஆட்டியதும் சாராயமே, ஆட்டத்தை நிறுத்தியதும் அதுவே.

முதலில் திரும்பி வந்தது கை இல்லை, நித்திரை. குடித்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்கலாம் என்பார்கள். சரிதான், ஆனால் பாதி இரவுக்குத்தான். ஈரல் சாராயத்தை எரித்து முடிக்கும் நேரம் நித்திரை முறிந்துவிடும். வருடக்கணக்காக இரண்டு மணிக்கு விழித்து, கடன்காரர்களை எண்ணிக்கொண்டு கிடந்தவன் நான். விட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருநாள் கண் விழித்தால் கோணேசர் மலைப் பக்கம் வானம் வெளுத்திருந்தது. மணிக்கூடு பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

காசு மிஞ்சியது, சீட்டு ஒன்று கட்டுகிறேன். பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆறு மணிக்குப் பட்டறையைப் பூட்டியபின் என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கூட்டாளிகள் எல்லோரும் அந்த நேரத்துக்காரர்கள். கொஞ்ச நாள் டச்சுக்குடாக் கரையில் சும்மா நடந்தேன். கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை என்னை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

இப்போது எந்த எஞ்சினும் டிரம்மில் கால் மணி நேரம் ஓடாமல் வெளியே போகாது. ஒரே பிரச்சினை, இந்தத் தொழிலில் நன்றிக்கடன் போத்தலில்தான் வரும். போன கிழமையும் ஒருவன் இடுப்பிலிருந்து கால் போத்தல் எடுத்து நீட்டினான். “இது வேண்டாம், சூடை மீன் இருந்தால் ரெண்டு தா” என்றேன்.

“இண்டைக்குச் சூடை படேல்ல அண்ணே, இதுதான் இருக்கு.”