பார்மிக் அமில ஜோடியும் 3 டிகிரி தப்பும்

பார்மிக் அமிலத்தின் ஆவியில் இரண்டு மூலக்கூறுகள் இரட்டை ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்து டைமராகத் திரியும். அதைப் பிரிக்க மோலுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை எம்.எஸ்சி. ஆய்வகத்திலேயே ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவியால் அளக்கலாம். 1928-இல் கூலிட்ஜ் என்ற ஆய்வாளர் தந்த பிரிகை மாறிலி (தனி மூலக்கூறான மோனோமரின் அழுத்தத்தை வர்க்கப்படுத்தி டைமரின் அழுத்தத்தால் வகுத்தது): லாக் K = 10.743 − 3083/T. T கெல்வினில், K டார் என்ற அழுத்த அலகில். 25 டிகிரியில் K 2.5 டார். ஆவியை அடைத்த செல்லில் மொத்தம் 5 டார் இருந்தால் மோனோமர் 2.5, டைமர் 2.5. 60 டிகிரியில் அதே 5 டாருக்கு டைமர் 0.6 மட்டுமே. லாக் K-ஐ 1/T-க்கு எதிராக வரைந்தால் வரும் சரிவிலிருந்துதான் மோலுக்கு 59 கிலோஜூல் கிடைக்கிறது.

அமிலம் பாட்டிலில் இருக்கும்போதே மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடும் தண்ணீருமாகும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்ப் போட்டு, உருகவிடுங்கள். 3 முறை செய்தால் வாயு போய்விடும். தண்ணீர் போகாது, அதனால் புது பாட்டில் நல்லது.

ஐ.ஆர். நிறமாலையில் பார்க்க வேண்டியவை: மோனோமருக்கு 3570 செ.மீ⁻¹-இல் வரும் கூர்மையான ஓ-எச் உட்கவர் பட்டை, டைமருக்கு 1220-ஐ ஒட்டிய சி-ஓ பட்டை. புதுச்சேரியில் தொல்லை 3570-இல்தான்: கடற்காற்றின் நீராவிக் கோடுகள் அங்கேயே வந்து ஏறும். கருவிக்குள் உலர்ந்த நைட்ரஜனை அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பின்புலம் (அமிலம் இல்லாத வெற்று அளவீடு) எடுங்கள். செல்லின் கே.பி.ஆர். (பொட்டாசியம் புரோமைடு) சன்னல் ஐப்பசி மழையில் மங்கிப்போகும். கால்சியம் ஃப்ளூரைடு போடுங்கள்.

முதலில் வெப்பநிலையைத் தொடாமல் 1 முதல் 8 டார் வரை அளந்து, டைமர் பட்டையின் பரப்பையும் மோனோமர் பட்டையின் பரப்பையும் லாக்-லாக் தாளில் வரையுங்கள். இரண்டு மோனோமர் சேர்ந்து ஒரு டைமர் என்பதால் சரிவு 2 வரவேண்டும். 1.7 வந்தால் பட்டைகளின் அடிக்கோடு தப்பு, அல்லது டிடெக்டர் நிறைந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் சூடேற்றுவது வீண்வேலை.

சூடேற்றும்போது சன்னல் எப்போதும் சுவரைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஏ.சி. காற்று நேராக அதன்மேல் பட்டால் இன்னும் மோசம். சுவரில் ஒட்டிய தெர்மோகப்பிள் 60 காட்ட, வாயு 57-இல் இருந்தால், 59 கிலோஜூல் 54-ஆகத் தெரியும். 3 டிகிரிக்கு இவ்வளவு தண்டனை! தெர்மோகப்பிளை வாயுவுக்குள்ளேயே நுழையுங்கள், சன்னல் வளையத்துக்குத் தனி ஹீட்டர் சுற்றுங்கள்.

கிடைப்பது அந்த வெப்பநிலையின் என்தால்பி (மாறா அழுத்தத்தில் பிரிக்கத் தேவையான வெப்பம்). சுழி கெல்வினில் பிரிக்கும் ஆற்றலான D0 வேறு. நீர் டைமரின் D0-வை 2011-இல் லேசரால் உடைத்து, துண்டுகளின் வேகத்தைப் படமெடுத்து அளந்தார்கள்: 1105±10 செ.மீ⁻¹, அதாவது 13.2 கிலோஜூல். அது நம் செல்லில் நடக்காது.

செல்லை அடைக்கும் ஓ-ரிங் வைட்டான் ரப்பரில் வேண்டாம். அமிலத்தைக் குடித்து, அடுத்த நிரப்பலில் கக்கும். டெஃப்லான் போடுங்கள்.