தொண்ணூற்றில் நூறு எங்கிருந்து வந்தது?

கடந்த ஆண்டு ஏப்ரல் கடைசி வாரம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் ஐந்து விதமான பாடநூல்களைப் பரப்பி வைத்திருந்தேன். காலை பத்து மணிக்கே தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிவிடும் வேலூர் வெயில். மகள் பக்கத்தில் படுத்து, அந்தப் புத்தகங்களில் இருந்த படங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. ஜூன் மாதம் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவள்.

முதல் வகுப்பில் அவளுக்கு வீசிங் அடிக்கடி வந்தது. ஐம்பது நாட்களுக்கு மேல் விடுப்பு. பள்ளியில், "இன்னொரு வருடம் இதே வகுப்பில் உட்காரட்டும்" என்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி முதல் வகுப்பில் யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது. 2019இல் வந்த திருத்தம்கூட 5, 8 வகுப்புகளுக்குத்தான். அதையெல்லாம் எடுத்துச் சொல்லியும் பேச்சு நகரவில்லை. குழந்தையின் உடம்பு தேறும்வரை ஒரு வருடம் வீட்டிலேயே படிக்கவைப்பது, பிறகு மூன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அவர் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். அதனால் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

பிள்ளையைக் கவனிக்கும் முன்பே புத்தகத்தைத் தேடப் போனேன். இந்த வேலையில் நான் செய்த முதல் தவறு அதுதான்.

தெரிந்த ஒருவர் சொன்னார் என்று, அமெரிக்காவில் அச்சான இரண்டாம் வகுப்புப் பாடப் பெட்டி ஒன்றை 11,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். பிரித்துப் பார்த்தால் தாளும் படமும் கதைகளும் அவ்வளவு அழகு. கணக்கு நூலைத் திறந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. காசு எண்ணும் பாடத்தில் நிக்கல் என்றால் 5 சென்ட், டைம் என்றால் 10 சென்ட், குவார்ட்டர் என்றால் 25 சென்ட். அதிலும் பத்து சென்ட் காசு ஐந்து சென்ட் காசைவிட அளவில் சிறியது. நீளத்துக்கு அங்குலம், வெப்பத்துக்கு ஃபாரன்ஹீட். அந்த ஊர்ப் பிள்ளைக்கு இவை தினமும் கையில் புழங்குபவை. அதனால் அங்கே அது நல்ல பாடம். எங்கள் மகளுக்கோ, கூட்டலைக் கற்பதற்கு முன் ஒரு நாட்டின் நாணயத்தையே கற்க வேண்டியிருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டோம். பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று விற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். உரக்கப் படித்துக்காட்டும் கதை நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பரணில் ஏற்றினேன். வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்து மாண்டிசோரி முறை. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நம் பக்கத்தில் அந்த முறைக்கு நல்ல வேர் இருக்கிறது. ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று எண்ணைக் கையில் கொடுத்துவிடும் அந்தப் பொருட்களைப் பார்த்து மனம் மயங்கியது. முழுத் தொகுப்பின் விலை எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் பத்தைப் பத்தாகவே கையில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்ற கருத்து மனதில் தங்கிவிட்டது.

மே முதல் வாரம் எல்லா நூல்களையும் மூடினேன். ஒரு வாரம் அவளை மட்டும் கவனிப்பது என்று ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டேன். இதை நான் ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டும்.

பஸ்ஸின் முகப்பில் 'காட்பாடி' என்பதை ஒரே மூச்சில் படித்தாள். 'சத்துவாச்சாரி'யை மூன்று துண்டாக்கித்தான் படிக்க முடிந்தது. 'கொடி' என்று எழுதிக் கொடுத்தால் 'கெடி' என்றாள். முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பைப் பார்த்ததுமே 'கெ' என்று முடிவுகட்டிவிடுகிறாள். பின்னால் வரும் காலைக் கண் பார்ப்பதே இல்லை. இரண்டு குறிகள் ஓர் எழுத்தை இருபுறமும் அணைத்து நிற்கும் இடங்களில் மட்டும் இந்தத் தடுமாற்றம். அதாவது அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றில்லை. 247 எழுத்துகளில் ஒகர, ஓகார, ஔகார வரிசைகள் மட்டும் படியவில்லை. முதல் வகுப்பு முழுவதையும் மறுபடி நடத்தத் தேவையே இல்லை.

கணக்கில் 34உடன் 28ஐக் கூட்டச் சொன்னேன். 512 என்று எழுதினாள். மூன்றும் இரண்டும் ஐந்து, நான்கும் எட்டும் பன்னிரண்டு, இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டாள். கூட்டல் ஒன்றுகூடத் தவறில்லை. இடமதிப்புதான் தெரியவில்லை.

அதே வாரம் இன்னொன்றையும் கண்டேன். 'உன்னைவிட ஆறு குறைவாக' என்ற கணக்கை அவள் பழைய பள்ளியின் ஆங்கில நூலிலிருந்து படித்துக் கொடுத்தால், கண்ணில் பட்ட இரண்டு எண்களையும் கூட்டிவிடுவாள். அதையே, "உன்னிடம் முப்பத்து நான்கு புளியங்கொட்டை இருக்கிறது, உன் அண்ணனிடம் உன்னைவிட ஆறு குறைவு" என்று சொன்னால், "இருபத்தெட்டு" என்று பதில் வருகிறது. கணக்கு அவளுக்குள் இருந்தது. கேள்வி கேட்ட மொழிதான் அதை வெளியே வரவிடாமல் மறித்து நின்றது. கணக்கைத் தமிழில்தான் நடத்துவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எந்தப் பாடத்திட்டம் என்ற கேள்வியில் பாதி அதோடு தீர்ந்தது.

தமிழுக்கு அரசுப் பாடநூலையே எடுத்துக்கொண்டேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளைக்கு அரசுப் பள்ளியில் சேரும்போது அவளுக்கு அந்நியமாகவும் இருக்காது. கூடவே 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பற்றிப் படித்தேன். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. எனக்கு அது பெரிய ஆறுதல். என் மகள் தமிழ் வாசிப்பில் அரும்பு, வாய்க்கணக்கில் மொட்டு, கதை சொல்வதில் மலர். ஒரு பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாசிப்புக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்க் கதைகள். நிலை 1இலிருந்து 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது.

கணக்குக்கு, மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2023இல் வெளியிட்ட இரண்டாம் வகுப்பு நூலின் ஆங்கிலப் பதிப்பு. முந்தைய நாள் இரவே படித்து, மறுநாள் காலை தமிழில் சொல்வேன். செயல்பாடுகள் நிறைய, பக்கத்தை நிரப்பும் வெறும் கூட்டல் கழித்தல் குறைவு. பயிற்சி போதாத இடங்களில் நானே கணக்கு போட்டுக் கொடுத்தேன்.

மணிகளுக்குப் பதில் ஈர்க்குச்சி. இலவம்பாடியில் இருக்கும் என் மாமியார், அவளுக்கு ஆயா, தேய்ந்துபோன தென்னந்துடைப்பத்தைப் பிரித்து, விரல் நீளத்துக்கு ஒடித்து, ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். 34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. 28 என்றால் இரண்டு கட்டு, எட்டு உதிரி. உதிரிகளை ஒன்றாகக் குவித்து எண்ணினாள். பன்னிரண்டு வந்ததும் நான் எதுவும் சொல்லவில்லை. அவளே பத்தை எண்ணித் தனியாக எடுத்து வளையம் போட்டாள். "ஆறு கட்டு, ரெண்டு. அறுபத்திரண்டு" என்றாள். பழைய நோட்டில் இருந்த 512ஐப் பார்த்து, "இவ்வளவு குச்சி நம் வீட்டிலேயே கிடையாது அம்மா" என்றாள்.

ஜூலையில் ஒருநாள் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டிருந்தோம். எழுபது, எண்பது, தொண்ணூறு. சட்டென்று நிறுத்தி, "தொண்ணூறில் நூறு எங்கிருந்து வந்தது? நூறு இன்னும் வரவே இல்லையே" என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தமிழ் இலக்கியம் படித்த நான் முப்பது வயதுக்கு மேல்தான் இதை யோசித்திருக்கிறேன். இருபது, முப்பது, நாற்பது என்று எல்லாவற்றிலும் பத்து ஒளிந்திருக்க, ஒன்பது பத்தில் மட்டும் நூறு முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒன்பது நூறும் அப்படித்தான், தொள்ளாயிரம். ஒன்பதோடு பத்து சேர்ந்தால் தொண்ணூறு, நூறு சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று தொல்காப்பியமே விதி சொல்லி வைத்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் புணர்ச்சி விதியைச் சொல்ல முடியுமா? ஒன்பது கட்டுகளை அடுக்கிவைத்து, "நூறாக இன்னும் எத்தனை கட்டு வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். "ஒன்று" என்றாள். "நூறுக்குப் பக்கத்து வீடு. அதனால் அந்தப் பெயர் இங்கேயும் கேட்கிறது" என்றேன். பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகிற மொழி இது. ஆங்கிலத்து லெவனில் அந்தப் பத்து கேட்காது. எண்ணின் பெயரைக் காது கொடுத்துக் கேட்டதால்தான் இந்தக் கேள்வியே அவளுக்கு எழுந்தது.

ஆங்கிலத்தை நான் கைவிடவில்லை. கணக்கிலிருந்து பிரித்தேன், அவ்வளவுதான். பரணுக்குப் போகாமல் தப்பிய அந்தக் கதை நூல்களை இரவில் படித்துக் காட்டுவேன். மறுநாள் அதே கதையை அவள் முதலில் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு தெரிந்த ஆங்கிலத்தில். கேட்ட கதையைத் திரும்பச் சொல்லவைக்கும் இந்த முறையைச் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் வற்புறுத்தியிருக்கிறார். எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். காலை ஏழரைக்குத் தொடங்கி, இடையில் ஓய்வும் விட்டு, ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம். வீசிங் வந்த நாட்களில் கதை மட்டும்.

சூழ்நிலையியலுக்கு நூல் வாங்கவில்லை. என்.சி.இ.ஆர்.டி.யிலும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு அதற்குத் தனி நூல் கிடையாது. ஆயா வீட்டுத் தோட்டத்தில் காம்பிலும் இலையிலும் முள்ளோடு நிற்கும் கத்தரிச் செடி இருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே வேலூர் முள்ளுக் கத்தரி. விரலில் குத்திக்கொண்டதை வரைந்து வைத்தாள். பாலாற்றுக்குக் கூட்டிப்போனபோது, "ஆறு என்று சொன்னீர்கள், மணல்தானே இருக்கிறது" என்று முகம் வாடினாள். ஆயா மணலைக் கையால் தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் ஈரம். இன்னும் கொஞ்சம் தோண்டக் கலங்கிய தண்ணீர் ஊறியது. கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது என்று சொன்னேன். 2021 நவம்பர் வெள்ளத்தில் இதே இடத்தில் கரை புரண்டு ஓடியதை ஆயா சொன்னார். அன்று அவள் எழுதிய நான்கு வரியில் 'தோண்டினோம்' என்ற சொல்லில் கொம்பும் காலும் சரியாக இருந்தன.

சட்டத்தைப் பற்றி உறவினர்கள் ஓயாமல் கேட்டார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 4ஆம் பிரிவு வழி செய்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 5ஆம் பிரிவில் இருக்கிறது. தொடர்ந்து வீட்டிலேயே படிப்பவர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பியதும் சேர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வழி உண்டு. எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் என்று ஒன்று உண்டு. வேறு பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ள வசதியாக, பழைய பள்ளியில் அந்த எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கவைக்கத்தான் நான்கு முறை நடந்தோம். பிள்ளையை வெளியே எடுப்பவர்கள் அதை அன்றைக்கே கேட்டு முடித்துவிடுவது நல்லது.

இந்த ஏப்ரலில் வீட்டுக்குப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அவளை அழைத்துப் போனோம். தலைமை ஆசிரியை ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னார். இரண்டு இடத்தில் நின்று, திருத்திக்கொண்டு படித்து முடித்தாள். பிறகு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னார். அவள் தயங்கி என்னைப் பார்த்தாள். "வீட்டில் ஈர்க்குச்சி வைத்துச் செய்வாள் மேடம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே எங்கள் வீட்டில் இருப்பது போலவே குச்சிக் கட்டுகள். ஐந்து கட்டையும் இரண்டு உதிரியையும் மேசையில் வைத்தார். மகள் ஒரு கட்டை எடுத்து வளையத்தைக் கழற்றினாள், ஒவ்வொன்றாக எண்ணினாள், பிறகு நிமிர்ந்தாள்.

"மிஸ், இதில் ஒன்பதுதான் இருக்கிறது."

அவர் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.