பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது

யூன் 3, கிளிநொச்சி

நாவலின் முதல் பிரதியைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். முந்தானையால் அட்டையைத் துடைத்துச் சாமிப்படத்தடியில் வைத்தார். பிறகு கேட்டார்: "இதில நான் என்ன தம்பி சொல்லுறன்?" பாதிக் கதை அவருடையது. எழுத்துத்தான் தெரியாது. இரவு நித்திரை வரவில்லை.

யூன் 5

எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான உஸ்மான் செம்பேன் நினைவுக்கு வந்தார். செனகலில் 1923இல் பிறந்த மீனவர் மகன். மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். முதல் நாவல் 1956இல். பிரெஞ்சில் எழுதினால் ஊரில் வாசிக்கத் தெரியாத சனத்துக்கு என்ன வந்து சேரும்? அதனால்தான் நாற்பதை நெருங்கும் வயதில் மொஸ்கோவுக்குப் போய்ப் படமெடுக்கக் கற்றார். சினிமாவை இராப்பள்ளிக்கூடம் என்பார். ஆனால் எழுத்தையும் விடவில்லை. எழுதிய கதையையே பிறகு படமாக்கினார். அந்தப் பிடிவாதம் எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

யூன் 8

முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, செம்பேனின் 'மண்டாபி' படத்தைப் போட்டேன். 1968இல் வந்தது, பேச்சு வோலோஃப் மொழி. பாரிசில் தெருக்கூட்டும் மருமகன் அனுப்பிய காசுக்கட்டளையை மாற்ற டாக்கரில் ஒரு மனிதர் அலைகிறார். அடையாள அட்டை இல்லை. முதல் பத்து நிமிசம் நான் காதுக்குள் விளக்கம் சொன்னேன். அப்புறம் தேவைப்படவில்லை.

"இப்ப பிறப்புப் பத்திரம் கேப்பாங்கள், பார்" என்றார் பெரியம்மா. கேட்டார்கள்!

2009க்குப் பிறகு அதே பத்திரத்துக்காக அவர் ஏறி இறங்கிய கந்தோர்கள் எத்தனை.

யூன் 14

சனிக்கிழமை, 2009இல் போர் முடியும்போது சனம் பாலம் கடந்து வந்த வட்டுவாகலில், நாவலை வைத்து எடுக்கும் எங்கள் குறும்படத்தின் முதல் நாள் படப்பிடிப்பு. பாலம் கடக்கும் அத்தியாயத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'அழுதபடி நடந்தாள்' என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"நான் அழேல்லையடா. காணி உறுதி நனைஞ்சிடும் எண்டு பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டெல்லோ வந்தனான். மற்றதெல்லாம் எங்கை விழுந்ததோ."

மூன்று வருசம் எழுதிய நாவல். அவரிடம் ஒரு நாளும் வாசித்துக் காட்டவில்லை. என் பிரதியில் அந்த வரியை வெட்டினேன். திரைக்கதையிலும் முகத்தை எடுத்துவிட்டுக் கையை வைத்தேன்.

பை இன்னும் றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது. மடிப்பில் கிழிந்த பொலித்தீன், வாயில் சேலைக்கரை கிழித்துக் கட்டிய முடிச்சு. முடிச்சை எப்படிப் போட்டவர் என்று அவிழ்த்து, திரும்பக் கட்டிக் காட்டினார். அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம்.